மொட்டுக் கிள்ளும் அம்மா

அந்தமானில் எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் சுவரோரம் முழுக்க ரோஜாச் செடிகள் இருந்தன. ஆனால் வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு வைக்க ஒரு பூ கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், இது என்ன ஜாதிச் செடி, பூக்கவே பூக்காதா என்று. பூக்கும். பூக்க விடமாட்டார் அந்த அம்மா. மொட்டு அரிசி அளவு தலை காட்டினால் போதும், அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் கழுத்துக்குப் போய்விடும். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். கிள்ளியதைத் தூர எறியவும் மாட்டார். அதே செடியின் காலடியில் மண்ணைக் கீறிப் புதைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போவார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. தெரிந்தவர்கள் இன்னும் போர்ட் பிளேரில் இருக்கிறார்கள். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் இந்தியில் 'மாலி மாஜி', தோட்டக்கார அம்மா, என்பார்கள். என் கணவர் 'மொட்டுக்கிள்ளி' என்பார், அவர் காதில் விழாதபடி. நான் அம்மா என்றேன். அவர் என்னை முதலில் மேடம் என்றார். ஆபீசில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுகிறவளை மேடம் என்று கூப்பிட ஒரு ஆள் கிடைத்ததே என்று நான் பூரித்துப் போயிருந்தேன். சில மாதத்திலேயே அது 'புள்ள' என்று ஆகிவிட்டது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் தினக்கூலி மஸ்தூராக எங்கள் குவார்ட்டர்ஸ் தோட்டத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கச்சால் தீவிலிருந்து வந்தவர். அது நிக்கோபார் பக்கம், இங்கிருந்து கப்பலில் ஒரு ராத்திரி தாண்டியும் போக வேண்டும். ஆனால் பிறந்தது இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். சின்ன வயதில் குடும்பத்தோடு அங்கிருந்து அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்கென்று கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டவர். ரப்பர் பால் வெட்டி, அங்கேயே கல்யாணம் கட்டி, புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, ஒற்றை மகனை வளர்த்து, அவனுக்கு ஒரு பெண்ணையும் கட்டிவைத்த பிறகு தண்ணீர் வந்தது. மகன் போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. மாமியாரும் மருமகளும் மிஞ்சினார்கள். மருமகள் பெயர் சாந்தி. அப்போது அவளுக்கு இருபது வயது ஆகியிருந்தால் அதிகம். இரண்டு பேரும் ஊருக்கு வெளியே அரசாங்கம் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகையில் இருந்தார்கள்.

அவரோடு எனக்குப் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். நான் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது திருநெல்வேலியிலிருந்து ரோஜாச் செடிகளை எடுத்துவந்தேன். ரயிலிலும் கப்பலிலுமாக அதைக் காப்பாற்றிக் கொண்டுவர நான் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு செடியிலும் மொட்டு இருந்தது. ஆசை ஆசையாக நட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் அந்த அம்மா செடிகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து வரிசையாகக் கிள்ளிக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ, என்னம்மா பண்ணுதீங்க?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேடத்துக்குப் பூவு வேணுமா, செடி வேணுமா?"

"ரெண்டுந்தான் வேணும்."

"ரெண்டும் இப்ப கெடைக்காது. இது ஊரு மாத்தி நட்டது. வேரெல்லாம் அந்து கெடக்கு. இருக்கிற கொஞ்சூண்டு சத்தையும் மொட்டு குடிச்சிட்டா, செடி எதக் கொண்டு பொழைக்கும்? வேரு புடிக்கட்டும். அப்பறம் பூக்கட்டும்."

நான் மாடியேறிப் போய்க் கதவைப் படாரென்று சாத்தினேன். ஆனாலும் செடிகள் பிழைத்தன. புதுத் துளிர் விட்டன. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எந்த நர்சரிக்காரரைக் கேட்டாலும் நட்ட புதிதில் மொட்டைக் கிள்ளச் சொல்வார். அந்த அம்மாவிடம் வித்தியாசம் என்னவென்றால், வேர் பிடித்துவிட்டது என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

காரணம் பூமி. சுனாமிக்குப் பிறகு சில வருஷங்களுக்கு எங்கள் தீவுகளில் பூமி சரியாக நிற்கவே இல்லை. பெரிதாக ஒன்றும் ஆகாது. அலமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும், சுவரில் பல்லி ஓடும், அதற்குள் நின்றுவிடும். "ஆயா க்யா?" என்று கீழ்வீட்டு வங்காளி பாபி மாடியைப் பார்த்துக் கத்துவாள். "ஆயா, கயா", வந்தது போயிற்று என்று நான் திருப்பிக் கத்துவேன். அவ்வளவுதான். அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்த அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். எங்கள் ரோடு மேட்டில் ஏறித் தண்ணீர்த் தொட்டியில் போய் முடியும். அங்கே போய்த்தான் நிற்பார். சாந்தி கூட வந்திருந்தால் அவளும் ஓடுவாள். கச்சால்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். யோசித்து ஓடுகிற ஓட்டம் இல்லை, கால் தானாகப் போய்விடும். எங்களில் யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை.

நெடுநேரம் கழித்து இறங்கி வருவார். வந்தால் நேரே செடிகளிடம்தான். ஒவ்வொரு செடியின் காலடி மண்ணையும் குதிகாலால் மிதித்து இறுக்குவார். தண்ணீர் விடுவார். பிறகு ஒன்று விடாமல் மொட்டைக் கிள்ளுவார்.

"நட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா. நல்லா வேர் பிடிச்சிட்டுல்லா?" என்று ஒருநாள் கெஞ்சிப் பார்த்தேன்.

"இப்ப ஆட்டி விட்டுருச்சுல்ல புள்ள. வேரு அசைஞ்சிருக்கும். திரும்ப நட்ட மாதிரிதான்."

இப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் செடிகள் புதிதாக நட்ட செடிகள் ஆயின. மாதத்தில் ஒரு தடவையாவது பூமி ஆடும். பிறகு பூ எங்கிருந்து வரும்?

செடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் கண் முன்னால் யாரும் எதையும் ஆரம்பித்துவிட முடியாது. கீழ்வீட்டு பாபி ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி அன்றைக்கே பெயர் வைத்தாள். "மொதல்ல நிக்கட்டும், அப்பறம் பேரு வையி" என்றார். என் கணவருக்குப் புரமோஷனில் வடக்கே மாயாபந்தருக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. அவர் தெருவெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது, "போயி உக்காந்து ஒரு மழையப் பாத்துட்டுக் குடுங்கய்யா" என்றார் அந்த அம்மா. அடுத்த வாரமே அந்த ஆர்டர் ரத்தானது. என் கணவர் ஆபீசைக்கூட மன்னித்துவிட்டார், அந்த அம்மாவை மன்னிக்கவே இல்லை.

ஒருமுறை அவர்களுடைய கொட்டகைக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு ஆணி இல்லை. சேலையெல்லாம் மூட்டையாகக் கட்டி வாசலோரம் இருந்தது. சட்டி பானை தவிர எல்லாம் மூட்டைக்குள். வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "ஒரு துணிக்கொடியாவது கட்டக்கூடாதாம்மா?" என்றேன். "இருக்கப்போறமான்னு மொதல்ல தெரியட்டும்" என்றார். சாந்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ போட்டாள். அவள் முதுகிலேயே கோபம் தெரிந்தது.

அவள் கோபத்துக்குப் பாண்டி என்று பெயர். மெயின்லேண்டிலிருந்து கான்ட்ராக்டர் கூட்டிவந்த வெல்டர், ராமநாதபுரம் பக்கத்துப் பையன். தண்ணீரில் வீடு போனவர்களுக்குக் கட்டுகிற வீடுகளுக்கு இரும்புச் சட்டம் ஒட்டுகிற வேலை. கொட்டகைக் குழாயடியில் சாந்தியைப் பார்த்திருக்கிறான். பிடித்துப்போயிற்று. சுற்றி வளைக்காமல் நேராக அந்த அம்மாவிடமே வந்து கேட்டான். அவருக்கும் அவனைப் பிடித்திருந்தது. உட்காரவைத்துச் சோறு போட்டார்.

"நல்ல தம்பிதான். கட்டிக்கட்டும். இப்ப வேணாம். வேரு புடிக்கட்டும்" என்றார்.

முதலில் அதில் ஒரு நியாயம் இருந்தது. அதே கொட்டகை வரிசையில், தண்ணீர் வந்த சில மாதத்திலேயே ஒரு பெண்ணுக்கு மறு கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அந்தப் பெண் தூக்கத்தில் அலறி எழுந்து வெளியே ஓடும். புருஷன் பொறுத்துப் பார்த்தான், பிறகு அடிக்க ஆரம்பித்தான். ஒருநாள் அது மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டது. அந்த அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

அதனால் பாண்டியும் காத்திருந்தான். ஒரு மழை போனது. தேதி பேசலாம் என்கிறபோது பூமி ஆடியது. "இப்பத்தான் ஆட்டிச்சு. கொஞ்ச நாளு போகட்டும் தம்பி." அடுத்த மழையும் போனது. மறுபடி ஆடியது. பாண்டிக்கு அந்த ஆட்டங்கள் பாதி தெரியவே தெரியாது. "லாரி போகுதுன்னுல்ல நெனச்சேன்க்கா" என்பான் என்னிடம். "பூமாதேவிதான் எனக்குப் பொண்ணு தரமாட்டேங்குறா" என்று சிரிப்பான். மூன்றாம் வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

கான்ட்ராக்ட் வேலை முடிகிற நேரம் வந்தது. நடு அந்தமானில் ரங்கத் என்கிற ஊரில் பஸ் ரிப்பேர் செய்கிற பட்டறையில் வெல்டர் வேலை இருந்தது. பட்டறைக்காரர் கொஞ்ச நாள்தான் காத்திருப்பார். கல்யாணம் நடந்தால் இரண்டு பேருமாக ரங்கத்துக்குப் போவது, இல்லாவிட்டால் அவன் மட்டும் கப்பலேறி ஊருக்குப் போவது என்று ஆகிவிட்டது. "எங்கம்மா பொண்ணு பாத்து வச்சிருக்குக்கா. நானும் எத்தன மழைக்குத்தான் சாக்குச் சொல்லுறது?" என்றான். சாந்தி பக்கத்தில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் நேரே தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மா வழக்கம் போலக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"உள்ளதச் சொல்லுங்கம்மா. அவ போயிட்டா நீங்க தனியாயிருவீங்கன்னு பயம். அதானே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆமா" என்றார். இப்படி உடனே ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அதுவும் இருக்கு புள்ள. இல்லன்னா பொய்யி. எனக்கு வேற யாரு இருக்கா? ஆனா அது மட்டும் இல்ல. அவ தூக்கத்துல எந்திரிச்சு நிக்கிறா. கண்ணு தொறந்திருக்கும், முழிப்பு இருக்காது. வாசலப் பாத்து நிப்பா. நான் கையப் புடிச்சுக்கிட்டே தூங்குறேன். அந்தத் தம்பிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்."

"எப்பத்தான் சரியாகும்?"

"ஆட்டம் நிக்கட்டும்."

"நிக்கலேன்னா?"

அவர் அடுத்த செடிக்கு நகர்ந்தார். எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கும். அன்றைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இதை மாற்றியது சாந்திதான். கீழ்வீட்டுக் குளியலறைக்குப் பின்னால், சாக்கடையோரம் குரோட்டன்ஸ் புதருக்குள் ஒரு ரோஜாக் கிளையை வளைத்து, நாரால் கட்டி மறைத்து வைத்திருக்கிறாள். அந்த அம்மாவின் கண்ணும் கையும் போகாத ஒரே இடம் அது. ஒருநாள் காலையில் தலையில் சிவப்பாக ஒரு பூவோடு வந்து நின்றாள். புருஷன் போனபின் அவள் பூ வைத்து யாரும் பார்த்ததில்லை.

அந்த அம்மா பூவைப் பார்த்தார். கிட்டே வந்தார். பிடுங்கி எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் விரலால் இதழைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு இது?"

"பொறத்தால. நான் ஒளிச்சு வச்சேன் மாமி."

"செடி?"

"செடி நல்லாத்தான் இருக்கு. போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தார். நெடுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அந்தத் தம்பிய வரச் சொல்லு" என்றார்.

அந்த மாதம் அவர் ஒரு மொட்டையும் தொடவில்லை. பூமியும் ஆடவில்லை. சுவரோரம் முழுக்கப் பூத்தது. பாபி பூஜைக்குப் பறித்தாள், தெலுங்கு வீட்டுப் பெண்கள் ஜடைக்குப் பறித்தார்கள், என் கணவர் சட்டைப் பையில் ஒன்றைச் செருகிக்கொண்டு ஆபீஸ் போனார். கொட்டகையில் சாந்தியின் கல்யாணச் சேலையைத் தொங்கவிட அந்த அம்மா ஆணி அடித்தார். பக்கத்துக் கொட்டகையில் சுத்தியல் கடன் வாங்கி, கோணலாக, தன் கையாலேயே அடித்தார். நான் அதை நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

கல்யாணம் எங்கள் ரோட்டின் கீழ்க் கோடியில் இருக்கும் சின்ன முருகன் கோயிலில். முற்பகல் முகூர்த்தம். சமையல் எங்கள் வீட்டில். கூட்டம் என்று சொல்ல முடியாது. குவார்ட்டர்ஸ்காரர்கள், கொட்டகையிலிருந்து கொஞ்சம் பேர், பாண்டியின் கூட்டாளி வெல்டர்கள். அந்த அம்மா புதுச் சேலை கட்டி, என்ன செய்வதென்று தெரியாமல் தூணோரம் நின்றிருந்தார். "உக்காருங்கம்மா" என்றேன். "முடியட்டும் புள்ள" என்றார்.

ஐயர் மஞ்சள் கயிற்றைப் பாண்டி கையில் கொடுத்தார். பாண்டி குனிந்தான்.

பெரிய ஆட்டம் இல்லை. எப்போதும் வருவதுதான். பித்தளைத் தாம்பாளம் கடகடவென்றது, தொங்குவிளக்கு அசைந்தது. பாபி என்னைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று நான் தலையசைத்தேன். பாண்டிக்கு அது தெரியக்கூட இல்லை. கயிற்றைப் பிடித்தபடி குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான். அவனுக்கு முன்னால் மணை காலியாகக் கிடந்தது.

சாந்தி கழுத்தில் மாலையோடு, வெறுங்காலோடு மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்காரர்களும் எழுந்து ஓடினார்கள். நான் ரோட்டுக்கு வந்து, அந்த அம்மா எல்லாருக்கும் முன்னால் போயிருப்பார் என்று மேலே தேடினேன். காணோம். திரும்பிப் பார்த்தால் கோயிலுக்குள்ளேயே நிற்கிறார். தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார். ஓடுகிற காலை அவர் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஆட்டம் நின்றது. அவர் தூணை விட்டுவிட்டு மெல்ல வாசலுக்கு வந்தார். ரோட்டு நடுவில் நின்று மேலே பார்த்துக் கையை நீட்டினார்.

"சாந்தி! ஒண்ணுமில்ல புள்ள! நின்னுருச்சு! எறங்கி வா!"

அத்தனை வருஷத்தில் 'நின்னுருச்சு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

சாந்தி தொட்டிக்குக் கீழே திருப்பத்தில் நின்று திரும்பினாள். மூச்சு வாங்கியது. "மாமி, மேல வாங்க! ஏன் அங்கயே நிக்கிறீங்க? வாங்க மாமி!"

"ஒண்ணுமில்லடி! நான் நிக்கிறேன் பாரு! ஒனக்காகத்தான் நிக்கிறேன். எறங்கி வா, தாலியக் கட்டிக்க!"

சாந்தி வரவில்லை. அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். அழுகை இல்லை. கத்தவும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னது கீழே நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஒங்க மவனும் இதத்தான் மாமி சொன்னாரு. ஒண்ணுமில்ல, நின்னுருச்சு, எறங்கி வான்னாரு. ரெண்டு எட்டு எறங்குனேன். அதுக்குள்ள அவரு நின்ன எடம் இல்ல."

அந்த அம்மாவுக்கு அது தெரியாது. அன்றைக்குக் கச்சாலில் ரப்பர் தோட்டத்து மேட்டில் அவர் முன்னால் ஓடியவர். பின்னால் மருமகள் மட்டும் வந்து சேர்ந்ததைப் பார்த்தவர். இத்தனை வருஷம் ஒரே கொட்டகையில், கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியும், மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று அவளும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

நீட்டிய கை கீழே இறங்கியது. பாண்டி மஞ்சள் கயிற்றோடு அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் போயிக் கூட்டிட்டு வரட்டுமாம்மா?"

"வேணாம் தம்பி. கீழ நின்னு யாரு கூப்பிட்டாலும் அவ வரமாட்டா." அவர் அவனுடைய விரல்களைக் கயிற்றின் மேல் மூடிவிட்டார். "இன்னும் எத்தன மழைக்கு ஒன்னக் காக்க வைக்கிறது? ஒங்கம்மா பாத்து வச்சிருக்கிற புள்ளைக்குக் கட்டு. கப்பலுக்குச் சீட்டு எடு."

பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தார். அவர் அந்த ரோட்டில் ஓடாமல் நடந்து ஏறியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.